ஊருக்கே தெரிந்த சியூஜி எண்: முகவரி வேறு, குழு வேறு

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும். மின்கம்பி அறுந்து விழுந்தால், மரம் சாய்ந்தால் அந்தந்தப் பிரிவு உதவிப் பொறியாளரின் சியூஜி எண்ணில் தெரிவிக்கலாம் என்று சொல்லி, கீழே வரிசையாகப் பத்து இலக்க எண்கள். படிப்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது நியாயம். சியூஜி என்றால் மூடிய பயனாளர் குழு. குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த ஏற்பாடு. அப்படிப்பட்ட எண்ணை ஊருக்கே அச்சடித்துக் கொடுத்தால், அதில் மூடியிருப்பது எது?

இன்னொரு குழப்பமும் அவ்வப்போது கிளம்பும். 2020 மே மாதக் கடைசியில் "செல்போன் எண் 11 இலக்கமாகப் போகிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓடியது. 2021 ஜனவரியில் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் பூஜ்யம் போட வேண்டும் என்றார்கள். 2025 பிப்ரவரியில் லேண்ட்லைனுக்கும் முழு எண்ணைப் போட வேண்டிவரும் என்று அடுத்த செய்தி.

இரண்டும் வேறு வேறு சங்கதிகள் போலத் தெரியும். ஆனால் ஒரே கேள்வியில்தான் போய் முடிகின்றன: ஒரு எண்ணின் வேலை என்ன, குழுவின் வேலை என்ன? எண் சொல்வது எங்கே போக வேண்டும் என்பதை. குழு சொல்வது யார் போகலாம் என்பதை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மேலே சொன்ன செய்திகள் எல்லாமே புரிந்துவிடும். அடிப்படையிலிருந்து வருவோம்.

எண் என்பது முகவரி

தபால் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறார்கள்: முதலில் மாநிலம், அப்புறம் ஊர், தெரு, கதவு எண். தொலைபேசி எண்ணில் அதே வேலை இடமிருந்து வலமாக நடக்கிறது. எக்ஸ்சேஞ்ச் முதல் இலக்கத்தைப் பார்த்தவுடனேயே ஒரு முடிவெடுக்கிறது. அடுத்த இலக்கம் வர வர அந்த முடிவு குறுகுகிறது.

உலக அளவில் இதற்கு விதி வகுப்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். ஈ.164 என்ற அதன் பரிந்துரைப்படி ஒரு தொலைபேசி எண், நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து, 15 இலக்கத்தைத் தாண்டக்கூடாது. இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94, சிங்கப்பூருக்கு 65. அந்த இரண்டு இலக்கம் போக மீதியை எப்படிப் பங்கிடுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம்.

இந்தியா 10 இலக்கத்தைத் தேர்ந்தெடுத்தது. லேண்ட்லைனில் எஸ்டிடி குறியீடும் உள்ளூர் எண்ணும் சேர்ந்து 10. பெரிய ஊருக்குக் குறியீடு சிறியது: சென்னைக்கு 44, மீதி 8 இலக்கம். கோவைக்கு 422, மீதி 7. காரைக்குடிக்கு 4565, மீதி 6. சின்ன ஊரில் இணைப்புகள் குறைவு என்பதால் உள்ளூர் எண் சின்னதாக இருந்தால் போதும். நாம் 044 என்றும் 0422 என்றும் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் முன்னால் இருக்கும் பூஜ்யம் குறியீட்டைச் சேர்ந்ததே இல்லை. "இது வெளியூர் அழைப்பு" என்று எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லும் சைகை அது. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்கள் +91 44 என்று போடுகிறார்கள், +91 044 என்று போடுவதில்லை.

முதல் இலக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது

பத்து இலக்க எண்ணில் முதல் இலக்கம் ஒன்றை ஒதுக்கினால் அதற்குள் 100 கோடி எண்கள் அடங்கும். இப்படி இருக்கும் பத்துக் கதவுகளை இந்தியா பங்கிட்ட விதம் ஏறக்குறைய இது:

1. பூஜ்யம்: வெளியூர் அழைப்புக்கான சைகை.
2. ஒன்று: 100, 108, 112 போன்ற அவசர எண்கள், சேவை எண்கள்.
3. இரண்டு முதல் ஐந்து வரை: லேண்ட்லைனின் உள்ளூர் எண்கள். பிஎஸ்என்எல் எண் 2 என்றும் ஏர்டெல் லேண்ட்லைன் 4 என்றும் தொடங்குவது இதனால்தான்.
4. ஆறு முதல் ஒன்பது வரை: செல்போன்.

லேண்ட்லைன் இணைப்புகள் நாடு முழுவதற்கும் சில கோடிகள்தான். செல்போன்களோ 110 கோடிக்கு மேல். அப்படியானால் 2, 3, 4, 5 என்ற கதவுகளையும் செல்போனுக்குத் திறந்துவிட வேண்டியதுதானே?

கோவையில் ஒருவர் லேண்ட்லைனை எடுத்து 2 என்று தொடங்கும் எண்ணைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு இலக்கம் முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் இணைத்துவிடும், ஏனென்றால் உள்ளூர் எண் அவ்வளவுதான். செல்போன் எண்களும் 2-இல் தொடங்கினால், ஏழாவது இலக்கம் வந்ததும் எக்ஸ்சேஞ்சுக்குத் திண்டாட்டம்: உள்ளூர் வீட்டை இணைப்பதா, இன்னும் மூன்று இலக்கம் வருகிறதா என்று காத்திருப்பதா? எண் திட்டம் போடுகிறவர்களின் நிரந்தரத் தலைவலி இதுதான். ஒரு முழு எண், இன்னொரு எண்ணின் தொடக்கமாக அமைந்துவிடக் கூடாது.

2020 மே 29 அன்று டிராய் (இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கொடுத்த பரிந்துரை இதற்கான வழிதான். லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அழைக்கும்போது முன்னால் ஒரு பூஜ்யம் போடச் சொன்னால், "இது உள்ளூர் வீடு இல்லை" என்று எக்ஸ்சேஞ்சுக்கு முதல் இலக்கத்திலேயே தெரிந்துவிடும். மூடிக்கிடந்த வரிசைகளைச் செல்போனுக்கு எடுக்கலாம். செல்போன் எண் அதே 10 இலக்கம்தான். பூஜ்யம் சைகை மட்டுமே. 11 இலக்கம் என்ற செய்தி கிளம்பியது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான், டிராயே மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது. 2021 ஜனவரி 15 முதல் பூஜ்யம் நடைமுறைக்கு வந்தது. இதனால் சுமார் 250 கோடி எண்கள் எதிர்காலத்துக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

நான்கு கதவுகளைத் திறந்தால் 400 கோடி அல்லவா கிடைக்க வேண்டும், 250 எப்படி? பூஜ்யம் எல்லா மோதலையும் தீர்க்காது. கோவை லேண்ட்லைனை வெளியூரிலிருந்து அழைத்தால் 0422-2 என்று தொடங்கும். 4222 என்று தொடங்கும் ஒரு செல்போன் எண்ணை யாருக்காவது கொடுத்தால், லேண்ட்லைனிலிருந்து அதை அழைப்பதற்கும் 0-4222 என்றுதான் தொடங்க வேண்டும். மறுபடி அதே மோதல். எஸ்டிடி குறியீடு ஒவ்வொன்றும் இப்படித் தன் பின்னால் கொஞ்சம் எண்களைப் பிடித்து வைத்திருக்கிறது.

இந்தப் பூஜ்யத்தால் அலுவலகங்களில் ஒரு சின்ன வேடிக்கையும் நடந்தது. மருத்துவமனை, கல்லூரி, மில் போன்ற இடங்களில் உள்ளக இணைப்பகம் வைத்திருப்பார்கள். வெளி லைன் பிடிக்க முதலில் பூஜ்யம் போட வேண்டும். இப்போது செல்போனுக்குப் பேச வேண்டுமானால் வெளி லைனுக்கு ஒரு பூஜ்யம், டிராயின் பூஜ்யம் ஒன்று, அப்புறம் எண். ஒரு பூஜ்யத்தை மட்டும் போட்டுவிட்டு "இந்த போன் வேலை செய்யவில்லை" என்று புகார் எழுதியவர்கள் எத்தனையோ பேர்.

2025 பிப்ரவரிப் பரிந்துரை அடுத்த படி. உள்ளூர் லேண்ட்லைனுக்கும் பூஜ்யம், எஸ்டிடி குறியீடு, எண் என்று முழுவதையும் போடச் சொல்கிறது. இந்த முறைக்குத் துறையில் "மூடிய எண் திட்டம்" என்று பெயர்: எங்கிருந்து அழைத்தாலும் ஒரே நீளம், சுருக்கிப் போட வழியில்லை. கவனிக்க வேண்டியது, இந்த "மூடிய" வேறு, மூடிய குழுவின் "மூடிய" வேறு. முன்னது எண்ணின் நீளத்தைப் பற்றியது, பின்னது ஆட்களைப் பற்றியது. ஒரே சொல் இரண்டு இடத்திலும் உட்கார்ந்திருப்பது துரதிர்ஷ்டம்.

எண்ணுக்குள் எவ்வளவு அர்த்தத்தைத் திணிக்கலாம்?

நாட்டுக்கான திட்டத்தை விட்டு ஒரு அமைப்புக்கான திட்டத்துக்கு வருவோம். தமிழ்நாடு முழுக்க அலுவலகங்கள் உள்ள ஒரு துறை, தன் ஊழியர்களுக்கு ஐந்து இலக்கக் குறு எண்கள் கொடுக்க நினைக்கிறது. திட்டம் போட உட்காருபவருக்கு முதலில் தோன்றுவது: முதல் இரண்டு இலக்கம் மாவட்டம், அடுத்த மூன்று இலக்கம் அலுவலகமும் பதவியும். பார்த்த உடனே யார் என்று தெரிந்துவிடும். அழகான யோசனைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் அழகு கொஞ்சம் குறைகிறது.

ஐந்து இலக்கத்தில் மொத்தம் 1,00,000 எண்கள். 0-இல் தொடங்குபவை வெளி லைனுக்குப் போய்விடும். 1-இல் தொடங்குபவற்றைத் தொடவே கூடாது. பதற்றத்தில் 108 போடுகிறவரை "மீதி இரண்டு இலக்கம் எங்கே" என்று இயந்திரம் காக்க வைக்கும் நிலை வரக்கூடாது. மீதி 80,000. மாவட்டத்துக்கு ஆயிரம் வீதம் 38 மாவட்டத்துக்கு 38,000 ஒதுக்கினால், மீதி 42,000 சும்மா கிடக்கும். நீலகிரியில் நூற்றைம்பது எண் போதும் என்றால் அங்கே 850 தூங்கும். சென்னைக்கு மூவாயிரம் தேவை என்றால் ஆயிரத்தில் எப்படி அடைப்பது? அர்த்தம் கொடுத்த எண் எப்போதும் இடத்தை வீணாக்கும்.

இடம் வீணாவதுகூடப் பெரிய விஷயமில்லை. அர்த்தம் மாறிவிடுவதுதான் பெரிய விஷயம். 2019 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். அந்த வருடம் முடிவதற்குள் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் சேர்ந்து 37 ஆனது. 2020-இல் மயிலாடுதுறையோடு 38. வேலூர் ஒன்றே மூன்றாகப் பிரிந்தது. மாவட்டத்தை எண்ணுக்குள் வைத்திருந்த ஒரு துறைக்கு இரண்டு வழிகள்தான்: ராணிப்பேட்டை அலுவலகங்களின் எண்களை எல்லாம் மாற்றி, லெட்டர்பேட், பெயர்ப்பலகை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் மறுபடி அடிப்பது, அல்லது ராணிப்பேட்டைக்காரர்களை வேலூர் எண்ணோடே விட்டுவிட்டு, எண் பொய் சொல்வதைச் சகித்துக்கொள்வது. பெரும்பாலும் நடப்பது இரண்டாவது.

எஸ்டிடி குறியீடுகளைப் போட்டவர்கள் இந்த வம்புக்குள் போகவில்லை. அவை மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை, எக்ஸ்சேஞ்ச் எல்லையைப் பார்க்கின்றன. காஞ்சிபுரத்துக்கும் 044-தான். ஒரே சிவகங்கை மாவட்டத்துக்குள் காரைக்குடிக்கு 04565, சிவகங்கைக்கு 04575. மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் கேபிள் போன வழி மாறாது என்பதால் எண்ணும் மாறவில்லை.

என் கணிப்பில், குறு எண்ணில் ஒரே ஒரு அர்த்தத்துக்குத்தான் இடம் உண்டு, அதுவும் மாறாத ஒன்றாக இருக்க வேண்டும். மாவட்டம், பிரிவு, பதவி என்பதெல்லாம் டைரக்டரியில் இருக்கட்டும். அதைத் திருத்த அஞ்சு நிமிஷம் போதும். எண்ணைத் திருத்தினால் அதைத் தெரிந்து வைத்திருக்கும் அத்தனை பேரையும் திருத்த வேண்டும்.

காலியான எண்ணை உடனே இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட செல்போன் எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று டிராய் 2023-இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அலுவலகக் குறு எண்ணுக்கும் அப்படி ஒரு ஆறப்போடும் காலம் வேண்டும். ஓய்வு பெற்ற கணக்கருக்கு வரும் அழைப்புகளைப் புதிதாகச் சேர்ந்த ஓட்டுநர் ஆறு மாதம் எடுத்துக்கொண்டிருப்பது நல்ல ஏற்பாடு இல்லை.

சரி, குழு எங்கே இருக்கிறது?

இப்போது சியூஜிக்கு வருவோம். மூடிய பயனாளர் குழு என்பது செல்போனோடு பிறந்த யோசனை இல்லை. 1970-களில் எக்ஸ்.25 என்ற தரவுத் தொடர்பு முறை வந்தபோதே அது இருந்தது. ஒரே பொது வலையமைப்பை வங்கி, விமான நிறுவனம், அரசுத் துறை எல்லாம் பயன்படுத்துகின்றன. ஒருவர் கணினியை இன்னொருவர் எட்டிவிடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கம்பி இழுக்கப் பணம் இல்லை. அதனால் கம்பி பொதுவாகவே இருக்க, அனுமதிப் பட்டியலை மட்டும் தனியாக வைத்தார்கள். ஜிஎஸ்எம் செல்போன் தரநிலைகள் வகுக்கப்பட்டபோது அதே யோசனையை எடுத்துக்கொண்டன.

முக்கியமான விஷயம், உங்கள் எண்ணைப் பார்த்து நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. குழுவின் அடையாளம் எண்ணுக்குள் இல்லை, சேவை நிறுவனத்தின் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கிறது. அதற்கு இன்டர்லாக் குறியீடு என்று பெயர். நான்கு பைட் நீளம்: பாதி, எந்த வலையமைப்பு என்று சொல்லும் நான்கு இலக்கம், மீதி 16 பிட், அந்த வலையமைப்புக்குள் எந்தக் குழு என்று சொல்வது. கணக்குப்படி ஒரு வலையமைப்பு அடையாளத்துக்கு 65,536 குழுக்கள்.

ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்களில், ஜிஎஸ்எம் விதிப்படி பத்து வரை, இருக்கலாம். எந்தக் குழுவில் பேசுகிறார் என்று குறிக்க ஒவ்வொரு குழுவுக்கும் அவரிடம் ஒரு வரிசை எண் உண்டு. இந்த வரிசை எண் அவரவர் சொந்தம். எனக்கு 1 என்பது உங்களுக்கு 3 ஆக இருக்கலாம், குழு ஒன்றேதான். வீட்டில் "பெரியவன்" என்று கூப்பிடுவது மாதிரி. அந்த வீட்டுக்குள்தான் அதற்கு அர்த்தம்.

இனி முதல் கேள்விக்கான விடை. குழுவில் இருப்பவருக்கு இரண்டு தனித்தனி அனுமதிகள் கொடுக்கலாம்: வெளியே அழைக்கும் அனுமதி, வெளியிலிருந்து அழைப்பு பெறும் அனுமதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு வகைகள்:

1. இரண்டுமே இல்லை. உண்மையான பொருளில் மூடியது. குழுவுக்குள் மட்டுமே பேச்சு.
2. வெளியே அழைக்கலாம், வெளியார் அழைக்க முடியாது. தொந்தரவு வேண்டாம் என்கிற மேலதிகாரிக்குப் பொருந்தும்.
3. வெளியார் அழைக்கலாம், வெளியே அழைக்க முடியாது. புகார் பெறும் போனுக்கு இதுதான் சரி; ஊரார் பேசலாம், போனை எடுத்து யாரும் சொந்தக் கதை பேச முடியாது.
4. இரண்டும் உண்டு. சாதாரண செல்போனுக்கும் இதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே இல்லை.

நாளிதழில் அச்சாகும் உதவிப் பொறியாளர் எண் மூன்றாவது அல்லது நான்காவது வகையாகத்தான் இருக்க முடியும். பெயரில் மூடிய என்று இருந்தாலும் வெளியார் வரும் கதவு திறந்தே இருக்கிறது. பொதுப் பேச்சில் நாம் சியூஜி என்று சொல்லும்போது முதல் வகையை நினைக்கிறோம். அலுவலகங்கள் வாங்குவது பெரும்பாலும் நான்காவது வகை.

ஒரு அழைப்பைப் பின்தொடர்வோம்

மழை இரவு, மணி பதினொன்று. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு பிரிவு அலுவலகத்தை அழைக்கிறார். இருவரும் ஒரே குழு. எண்ணைப் போட்டு மணி அடிப்பதற்குள், இரண்டு மூன்று வினாடிக்குள், நடப்பது இது:

1. அழைப்பு கோபுரம் வழியாக, அழைப்புகளை இணைக்கும் இயந்திரமான சுவிட்சுக்கு வருகிறது. 112 போன்ற அவசர எண் என்றால் குழுக் கட்டுப்பாடு எதுவும் பார்க்காமல் விட்டுவிடும். மற்றபடி, அழைப்பவரின் பதிவேட்டைத் திறக்கிறது.
2. அவர் எந்தக் குழுவில் பேசுகிறார்? வரிசை எண் எதுவும் தராவிட்டால், அவருக்கென்று முதன்மையாகக் குறித்து வைத்த குழு.
3. அந்தக் குழுவின் இன்டர்லாக் குறியீடு, "இவருக்கு வெளியே அழைக்கும் அனுமதி உண்டா இல்லையா" என்ற குறிப்போடு, அழைப்புச் செய்தியில் ஒட்டப்படுகிறது.
4. பெறுபவரின் பதிவேட்டில் அதே குறியீடு இருக்கிறதா? இருந்தால், குழுவுக்குள் அழைப்பு பெற அவருக்குத் தடை ஏதும் உண்டா? இல்லையென்றால் மணி அடிக்கும்.
5. குறியீடு பொருந்தவில்லை என்றால், அழைப்பவருக்கு வெளி அனுமதியும் பெறுபவருக்கு வரவு அனுமதியும் இரண்டும் இருந்தால் மட்டும் சாதாரண அழைப்பாக மாற்றி இணைக்கும். ஒன்று குறைந்தாலும் நிராகரிப்பு.

இந்த ஐந்து படிகளில் போட்ட எண் செய்த வேலை ஒன்றுதான்: யாருடைய பதிவேட்டைத் திறக்க வேண்டும் என்று காட்டியது. அனுமதியை முடிவு செய்ததில் அதற்குப் பங்கு இல்லை.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் தெரிகிறது. ஒரு பொறியாளர் மின் குழுவிலும் பேரிடர்க் குழுவிலும் இருக்கிறார். அவர் இரண்டு பக்கமும் பேசலாம். அதற்காக, வெளி அனுமதி இல்லாமல் மின் குழுவில் மட்டும் உள்ள வேறொருவர் பேரிடர்க் குழுவில் உள்ளவரை அழைத்துவிட முடியாது. நண்பனின் நண்பன் என்ற கணக்கு இங்கே செல்லாது. அவசரத்தில் இது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. திட்டம் போடும்போதே யோசித்து, சில முக்கிய எண்களை மட்டும் எல்லாக் குழுவிலும் சேர்த்து வைப்பது வழக்கம்.

எண் வரிசையைக் குழுவாக நினைத்தால்

ஒரே துறையின் எண்கள் ஒரே வரிசையில் தொடங்குவதைப் பார்த்திருப்போம். மொத்தமாக வாங்கும்போது சேவை நிறுவனம் ஒரே தொகுதியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நினைவில் வைத்துக்கொள்ள வசதி. அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு "இந்த வரிசையில் இருந்தால் இந்தக் குழு" என்று தோன்றிவிடுகிறது. சில அலுவலகங்களில் உள்ளக இணைப்பகத்தையே அப்படி அமைத்துவிடுகிறார்கள்: இந்த ஐந்து இலக்கத்தில் தொடங்கும் எண்ணுக்கு மட்டும் லைன் கொடு, மற்றதைத் தடு என்று.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2010 நவம்பரில் ஹரியானாவிலும் 2011 ஜனவரியில் நாடு முழுக்கவும் வந்தது. 2015 ஜூலை முதல் தொலைத்தொடர்பு வட்டம் தாண்டியும், அதாவது வேறு மாநிலத்துக்குப் போனாலும், மாறலாம். அந்த நாளிலிருந்து எண்ணின் தொடக்கத்தை வைத்து நிறுவனத்தையோ ஊரையோ உறுதியாகச் சொல்ல முடியாது, குழுவை எப்படிச் சொல்வது? துறையை விட்டுப் போனவர் எண்ணைத் தன்னோடு எடுத்துப் போயிருந்தால், வரிசையை மட்டும் பார்க்கும் இணைப்பகத்துக்கு அவர் இன்னும் உள்ளே இருப்பவர். அவசரத்துக்குப் புதிதாக வாங்கிய வேறு வரிசை சிம் வைத்திருப்பவர் வெளியாள்.

ரயில்வே 2019 ஜனவரியில் தன் சியூஜி சேவையை ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்கு மாற்றியது, சுமார் 3.78 லட்சம் ஊழியர்களுக்கான ஏற்பாடு என்று அப்போது செய்திகள் வந்தன. இப்படி ஒரு மாற்றத்தில் கவனிக்க வேண்டியது, எண்ணை எடுத்துப் போக விதி உண்டு, குழுவை எடுத்துப் போக விதி இல்லை என்பது. குழு பழைய நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தது. யார் எந்தக் குழு, யாருக்கு என்ன அனுமதி என்பதைப் புதிய நிறுவனத்தில் முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தப் பட்டியலின் சொந்தப் பிரதி அலுவலகத்திடம் இல்லாவிட்டால், அதைச் சேகரிக்கவே ஒரு மாதம் போகும்.

கணினி வலையமைப்பில் இதே கதை

அலுவலகக் கணினிகளுக்குக் கொடுக்கும் ஐபி முகவரிகளில் 10 என்று தொடங்குபவை யாருக்கும் சொந்தமில்லை. 1996-இல் வகுத்த விதிப்படி யார் வேண்டுமானாலும் தங்கள் சுவருக்குள் பயன்படுத்தலாம். ஒன்றரைக் கோடிக்கு மேல் முகவரிகள். விளைவு, இரண்டு வங்கிகளிலும் 10.1.1.1 என்று ஒரு கணினி இருக்கும். இரண்டு வங்கிகளும் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வலையமைப்பு வாங்கியிருக்கும்.

ஒரே கம்பியில் பல வாடிக்கையாளர்களைத் தனித்தனியாகப் பிரித்து நடத்தும் எம்பிஎல்எஸ் வலையமைப்பு இதைச் சமாளிக்கும் விதம் பழைய இன்டர்லாக்கை நினைவூட்டுகிறது. ஒவ்வொரு முகவரிக்கும் முன்னால் எட்டு பைட் நீளத்தில் ஒரு பிரிப்பு அடையாளம் ஒட்டுகிறார்கள். அதனால் இரண்டு 10.1.1.1-களும் வேறு வேறாகிவிடும். யார் யாரைப் பார்க்கலாம் என்பதற்கு வேறொரு அடையாளம். ஏன் இரண்டு? ஒரே வங்கிக் கிளை, வங்கியின் சொந்தக் குழுவிலும் ஏடிஎம் பராமரிக்கும் நிறுவனத்தின் குழுவிலும் இருக்கலாம். முகவரி ஒன்று, உறுப்பினர் உரிமை இரண்டு.

கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் சிம்முக்கும் பல நேரம் இந்த ஏற்பாடுதான். தனி முகவரி, வங்கியின் சர்வரை மட்டும் எட்டும் அனுமதி. அந்த சிம்மைக் கழற்றி போனில் போட்டால் யூடியூப் ஓடாது. இயந்திரங்களுக்கு இந்தியா 13 இலக்க எண்களை ஒதுக்கியிருக்கிறது. மனிதர் வாயால் சொல்லத் தேவையில்லாத எண் என்பதால் நீளம் பிரச்சினை இல்லை. 91 சேர்த்தால் சரியாக 15. உலக வரம்பின் கடைசி இலக்கம் வரை போயாயிற்று.

மூடியது வேறு, ரகசியம் வேறு

சியூஜியில் பேசினால் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்ற நம்பிக்கை அலுவலகங்களில் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. குழு ஏற்பாடு, அழைப்பை இணைக்கலாமா என்று மட்டும் பார்க்கிறது. இணைத்த பிறகு பேச்சு மற்ற எந்தப் பேச்சும் போகும் அதே வழியில்தான் போகிறது. தனிப் பூட்டு எதுவும் இல்லை. அப்புறம், ஜிஎஸ்எம் விதிப்படி குழுக் கட்டுப்பாடு குறுஞ்செய்திக்குப் பொருந்தாது. முழுதாக மூடிய எண்ணுக்கும் வெளியாள் எஸ்எம்எஸ் அனுப்பலாம், அதில் மோசடி இணைப்பும் வரலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அலுவலகங்கள் சியூஜி வாங்கியதற்குப் பெரிய காரணம் பணம்: குழுவுக்குள் பேச்சு இலவசம், வெளியே நிமிடத்துக்கு இவ்வளவு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து குரல் அழைப்புகளை இலவசமாக்கிய பிறகு, எல்லா நிறுவனங்களும் எல்லையற்ற அழைப்புக்கு இறங்கி வந்தன. பணக் காரணம் போய்விட்டது. இன்றைக்குப் பல இடங்களில் சியூஜி என்பது மொத்த பில்லுக்கு வைத்த பெயர்தான். இன்டர்லாக், அனுமதி எதுவும் பின்னால் இயங்குவதில்லை.

எஞ்சியிருக்கும் உண்மையான பயன், எண் ஆளைச் சேராமல் பதவியைச் சேர்வது. உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போகும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்து, அளவுப் புத்தகத்தோடு சிம்மும் போகிறது. மக்களுக்கு எண் மாறாது. ஆனால் போனவர் மூன்று வருடம் அதே எண்ணில்தான் வாட்ஸ்அப் வைத்திருந்திருப்பார், வங்கிக் கணக்கையும் அதில் இணைத்திருப்பார். புதியவர் சிம்மைப் போட்ட அன்று மாலையே அடுத்தவர் கணக்குக்கான ஓடிபி அவர் திரையில் வந்து நிற்கும். அதனால் ஒப்படைக்கும் பட்டியலில் சிம்முக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்து, சொந்தக் கணக்குகளிலிருந்து இந்த எண்ணை நீக்கியாயிற்று என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது உத்தமம்.